பழுத்த ஓலையும் குருத்தோலையும்

1987 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பெங்களூர்ச் சின்னசாமி விளையாட்டரங்கில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய டெஸ்ட் ஆட்டத்தை நேரில் கண்டவர் எம் தந்தையார். கோலார் தங்கவயலில் பிறந்து, பெங்களூர் வந்து, பொதுத்துறை ஆலையொன்றில் கடைசல் இயந்திரத்தின் முன் முப்பது ஆண்டுகள் நின்றவர். அவ்வாட்டத்திற்கென விடுப்பெடுத்துச் சென்றார். எமக்கு அப்போது ஏழு வயது. 221 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்னும் நிலை. பந்தோ தரையில் பட்டதும் சீறித் திரும்புகிறது. எதிர் முனையில் ஒருவர்பின் ஒருவராக வீழ்கின்றனர். சுனில் கவாஸ்கர் ஒருவர் மட்டும் தூணென நின்று 96 ஓட்டங்கள் எடுத்தார். அவர் வெளியேறிய பின், இந்தியா 16 ஓட்டங்களில் தோற்றது. கவாஸ்கர் ஆடிய கடைசி டெஸ்ட் ஆட்டம் அதுவே. எம் தந்தையார் தம் இறுதி நாள் வரை அந்த 96 ஐச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதெல்லாம் கை தானாக மட்டை பிடிக்கும்.

1996 இல் இராகுல் திராவிட் வந்தார். இந்நகரத்துப் பிள்ளை, எவர்க்கும் தீங்கு நினையாத ஆட்டம். "கவாஸ்கர் நின்ற நிலை இவனுக்கு வருமா?" என்றார் தந்தையார். பதினாறு ஆண்டுகள் இதையே சொன்னார். 2012 மார்ச்சுத் திங்கள் அதே சின்னசாமி அரங்கில் திராவிட் தம் ஓய்வை அறிவித்தபோது, தொலைக்காட்சியின் முன் அமர்ந்து மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறு ஆண்டே விராட் கோலியின் ஆட்டத்தைக் கண்டு, "திராவிட் எங்கே, இவன் எங்கே!" என்று தொடங்கிவிட்டார். யாம் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

அவர் முணுமுணுப்பால் எவர் பிழைப்பும் கெட்டதில்லை. ஒலிபெருக்கி அவர் கையில் இல்லை. கேட்டவர் யாமும் எம் அன்னையாரும் மட்டுமே. ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, அதே முணுமுணுப்பை நாடெங்கும் பரப்பி, அதற்கு ஊதியமும் பெறுகின்ற முன்னாள் ஆட்டக்காரர் சிலரைப் பற்றியே யாம் இங்கு வழக்காட வந்துள்ளோம்.

இலக்கிய மலரில் மட்டைப்பந்துக்கு என்ன இடம் என்று புலவர் பெருமக்கள் முகஞ் சுளிக்கக்கூடும். மூத்தவர் இளையவரை எத்தகைய சொல்லால் பேசுகின்றார் என்பது சொல்லைப் பற்றிய செய்தியன்றோ? அதற்கு இம்மலரில் இடமுண்டு. மேலும், சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆட்டம் நடக்கும் நாளில் அல்சூரிலும் விவேக் நகரிலும் தமிழ்க் குடும்பங்களுக்குள்ளே நிகழ்வது என்ன என்பதை நம்மவர் அறிவர். தகப்பனார் மஞ்சள், மகன் சிவப்பு. இரவு உணவு கூடத் தனித்தனியே. ஆதலின் இது நம் வீட்டுச் செய்தியுமாகும்.

பழுத்த ஓலையைக் கண்டு குருத்தோலை சிரித்ததாம் என்பது பழமொழி. கிரிக்கெட் உலகில் இது தலைகீழாயிற்று. குருத்தைக் கண்டு பழுத்த ஓலை ஏசுகிறது. தானும் ஒருநாள் குருத்தாயிருந்து வாங்கிய ஏச்சை அது அடியோடு மறந்துவிட்டது.

கவாஸ்கரையே முதலில் எடுத்துக்கொள்வோம். பெரியவரிடத்தில் தொடங்குவதே முறை. டெஸ்ட் ஆட்டத்தில் பத்தாயிரம் ஓட்டங்களை முதன்முதல் எட்டியவர் அவர். அவரது ஆட்டத்தின்மேல் எமக்குள்ள மதிப்பு எம் தந்தையார் விட்டுச் சென்ற சொத்து; அதில் ஒரு காசும் குறையவில்லை. ஆயினும், 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் பேசியதை எவ்வாறு ஏற்பது? ஐதராபாத்தில் கோலி 43 பந்துகளில் 51 ஓட்டங்கள் எடுத்தார். வேகம் போதாது, அணி இவரிடம் எதிர்பார்ப்பது இதுவன்று என்று தொலைக்காட்சியில் கவாஸ்கர் குறை கூறினார். அடுத்த ஆட்டத்தில் 44 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 70 எடுத்த கோலி, வெளியே அமர்ந்து பேசுவோரைப் பற்றிச் சற்றே காரமாக விடையிறுத்தார். அதற்கு மறுமொழி, அம்மறுமொழிக்கு மறுமொழி என்று ஒரு வாரம் கழிந்தது.

குறை கூறியவர் யார்? 1975 சூன் 7 அன்று, இலார்ட்சு திடலில், முதல் உலகக் கோப்பையின் தொடக்க நாளில், இங்கிலாந்து 60 ஓவர்களில் 334 ஓட்டங்கள் எடுத்திருக்க, அறுபது ஓவர்களும் களத்தில் நின்று 174 பந்துகளில் 36 ஓட்டங்கள் மட்டும் எடுத்து, ஆட்டமிழக்காமல் திரும்பிய அதே பெருமகனார்! அன்று இந்தியா 132 ஓட்டங்களோடு நின்றது. பார்வையாளர் பொறுமையிழந்து திடலுக்குள்ளேயே வந்துவிட்டனர். அன்று அவர்க்கு என்ன நேர்ந்ததோ, ஒரு மனிதனுக்கு ஒரு நாள் அவ்வாறு நேரலாம். யாம் அதைக் குத்திக் காட்டவில்லை. ஆனால் 174 க்கு 36 என்னும் நாளைக் கடந்து வந்தவர், 43 க்கு 51 எடுத்தவனைப் பேசும்போது குரலில் சிறிது நகைப்பாவது கலந்திருக்க வேண்டாமா? "யானும் ஒருநாள் இப்படிச் சிக்கிக்கொண்டேன், மட்டைக்குப் பந்து வரவில்லை, மனம் இவ்வாறு இறுகிற்று" என்று அவர் கூறியிருந்தால், அதைவிடப் பெரிய பாடம் தொலைக்காட்சியில் உண்டோ? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்னும் கணக்கையே நாம் கண்டோம்.

அவ்வாண்டுத் தொடரில் கோலி எடுத்தவை 741 ஓட்டங்கள்; எல்லாரினும் மிகுதி. சூன் 29 அன்று பிரிட்ஜ்டவுனில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா 34 க்கு மூன்று விக்கெட்டுகளை இழந்து தடுமாறியபோது, 59 பந்துகளில் 76 என்று நிதானமாக ஆடி ஆட்ட நாயகன் ஆனவரும் அவரே. இந்தியா வென்றது ஏழே ஓட்டங்களில். வேகம் எப்போது வேண்டும், நிதானம் எப்போது வேண்டும் என்பதைக் களத்தில் நிற்பவன் அறிவான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஒரு செய்தி கூற வேண்டும். கோலியை யாம் மாசற்றவர் எனக் கொள்ளவில்லை. 2024 திசம்பர் 26 அன்று மெல்போர்னில், பத்தொன்பதே வயதான ஆஸ்திரேலியச் சிறுவன் கான்ஸ்டாஸின் தோளில் அவர் தோளால் இடித்தது தவறு. தண்டம் விதித்ததும் சரி. அன்று மூத்தோர் கண்டித்ததில் எமக்கு மாறுபாடில்லை. ஆயினும் அதே மெல்போர்னில் 1981 பிப்ரவரியில், தம்மை எல்பிடபிள்யூ என்று நடுவர் அறிவித்தமைக்குச் சினந்து, எதிர் முனையில் நின்ற சேத்தன் சௌகானையும் உடன் அழைத்துக்கொண்டு திடலைவிட்டு நடந்தவர் யார் என்பதையும் அன்று ஒருவர் நினைவூட்டியிருக்கலாம். மேலாளர் எல்லைக் கோட்டில் வந்து தடுக்காவிடில் ஆட்டமே கைநழுவியிருக்கும். பின்னாளில் கவாஸ்கர் அதற்கு வருந்தினார். அது அவர் பெருமை. வருந்துவதற்கு அவர்க்குக் காலம் கிடைத்தது; இக்காலத்துப் பிள்ளைக்கு அடுத்த ஓவர் முடியும் முன்னரே தீர்ப்பு எழுதப்படுகிறது.

இரண்டே நாள் கழித்து, திசம்பர் 28 அன்று, ரிஷப் பந்த் குனிந்து சுழற்றிய பந்து எல்லைக்கருகில் பிடிபட்டது. 28 ஓட்டங்கள். நேரடி வர்ணனையில் இருந்த கவாஸ்கர் "முட்டாள்தனம்" என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை மூன்று முறை அடுக்கினார். அந்த வீச்சுக்கு அது நேரமன்று என்பதே எம் கருத்தும். முந்தைய பந்தில் அதே வீச்சில் தவறியவன் மீண்டும் அதையே முயன்றது பிழை. ஆனால் ஆட்டத்தைப் பழிப்பது ஒன்று, ஆடியவன் அறிவைப் பழிப்பது வேறொன்று. கார் மோதி எரிந்த நெருப்பிலிருந்து 2022 திசம்பரில் உயிர்தப்பி, ஓராண்டுக்கு மேல் நடை பயின்று திரும்பி வந்தவன் அவன். அவனை நோக்கி ஒரு சொல் எறியுமுன் எண்ண வேண்டும். ஆறு திங்கள் கழிந்தன. 2025 சூன் திங்கள் லீட்சில் அதே பந்த் ஒரே டெஸ்டில் 134 உம் 118 உம் அடித்தான். அதே குரல், அதே மும்முறை அடுக்கு. இம்முறை "அருமை" என்னும் பொருளில். நாடு கைகொட்டிச் சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. அடித்தால் அருமை, அடிக்காவிட்டால் முட்டாள் என்று சொல்ல ஐம்பது ஆண்டுப் பட்டறிவு எதற்கு? எங்கள் தெருமுனைத் தேநீர்க்கடையில் இதை விலையின்றிக் கேட்கலாம்.

இனி நம் நகரத்து வழக்குக்கு வருவோம். இதுவே எம்மை மிக வருத்தியது. வெங்கடேஷ் பிரசாத் இந்நகரத்தவர். 1996 மார்ச்சு 9 அன்று சின்னசாமி அரங்கில் உலகக் கோப்பைக் கால்இறுதி ஆட்டத்தில், தம்மை நோக்கி மட்டையை நீட்டி எல்லையைக் காட்டிய பாகிஸ்தானின் ஆமிர் சோகைலின் குச்சியை அடுத்த பந்திலேயே சாய்த்தாரே, அவர்தாம். அன்று யாம் பதினாறு வயதுப் பள்ளி மாணவர். எம் தெருவில் இரவு முழுதும் வெடிச் சத்தம். அந்த ஒரு பந்துக்காக அவர்க்கு இந்நகரம் என்றும் கடன்பட்டிருக்கிறது. கே. எல். ராகுலும் கர்நாடகத்தின் பிள்ளையே. 2023 பிப்ரவரியில், ஆஸ்திரேலியத் தொடரின் நடுவே, பிரசாத் ராகுலைச் சமூக வலைத்தளத்தில் நாள்தோறும் தாக்கலானார்.

அவர் சொன்னதில் ஒரு பகுதி நேர்மையானது. அதை மறைத்து வழக்காட யாம் விரும்பவில்லை. எட்டாண்டுகளுக்கு மேல் ஆடி, 46 டெஸ்டுகளில் சராசரி 34 என்பது எளிய நிலையே என்று எண்ணைக் காட்டினார். வெளியே காத்திருக்கும் மற்றவர் பெயர்களையும் சொன்னார். இது திறனாய்வு; இதற்கு எவரும் சினக்கலாகாது. ஆனால் அதனோடு நின்றாரா? இடம் திறமையால் வந்ததன்று, வேண்டியவர் என்பதால் வந்தது என்னும் பழியையும் சேர்த்தார். எண்ணுக்குச் சான்று உண்டு. உள்நோக்கத்துக்குச் சான்று ஏது? ஆகாஷ் சோப்ரா என்னும் மற்றொரு முன்னாள் ஆட்டக்காரர் ராகுலுக்காகப் பரிந்து வந்தார். உடனே வழக்கு ராகுலை விட்டு விலகி, சோப்ரா பல்லாண்டுகளுக்கு முன் எவரை எவ்வாறு பேசினார் என்று பழைய பதிவுகளைத் தோண்டுவதாயிற்று. இரு மூத்தோர் வரப்புச் சண்டையிட, நடுவே மிதிபட்டது பயிர். துணைத்தலைவர் பட்டம் ராகுலிடமிருந்து போயிற்று. இந்தூர் ஆட்டத்தில் இடமும் போயிற்று.

பின்னர் என்ன நிகழ்ந்தது? அவ்வாண்டுத் திசம்பரில் தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியன் திடலில், பந்து மார்பளவு எழும்பிய களத்தில், ராகுல் 101 எடுத்தார். 2025 இல் இங்கிலாந்துத் தொடரில் லீட்சில் ஒரு சதம், இலார்ட்சில் ஒரு சதம், மொத்தம் 532 ஓட்டங்கள். இதனால் 2023 இல் அவர் நன்கு ஆடினார் என்றாகிவிடாது. அன்று அவர் தடுமாறியது மெய். இன்று எழுந்ததும் மெய். தடுமாறும் இளைஞனிடம், அவன் ஊரிலேயே பிறந்த மூத்தவர் செய்ய வேண்டியது என்ன என்பதே எம் கேள்வி. இருவர் வீட்டுக்கும் இடையே எத்தனை கல் தொலைவு இருந்துவிடப் போகிறது? ஒரு மாலை சென்று, வலைப்பயிற்சியில் நின்று, "தம்பி, உன் முன்கால் பந்தின் திசைக்குப் போகவில்லை" என்று சொல்லியிருக்கலாகாதா? உலகறியச் சொல்ல ஓர் ஊடகம் வந்துவிட்டமையால், காதோடு சொல்லும் வழக்கம் போய்விட்டது.

இவ்விடத்தில் தமிழர் மறவாத ஒரு செய்தியையும் சேர்த்தே சொல்வோம். முத்தையா முரளிதரன் மலையகத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர். நம்மைப் போலவே பிழைப்புத் தேடிப் பெயர்ந்த குடியின் வழித்தோன்றல். பிறவியிலேயே முழங்கை முற்றும் நிமிராதவர். 1995 திசம்பர் 26 அன்று, மீண்டும் அதே மெல்போர்னில், நடுவர் டாரல் ஹேர் அவர் பந்தை ஏழு முறை முறையற்றது என்று அறிவித்தார். நடுவர் ஐயுற்றார், அது அவர் கடமை என்று விட்டுவிடலாம். ஆயின் இடக்கைச் சுழற்பந்தில் உலகப் புகழ் பெற்ற பிஷன் சிங் பேடி, ஆண்டுக்கணக்கில் முரளிதரனை ஈட்டி எறிபவர் என்றும், குண்டு எறிபவர் என்றும் எள்ளிவந்தாரே, அதை எதில் சேர்ப்பது? கருவிகளால் அளந்து பார்த்தபோது, உலகம் போற்றிய வேகப்பந்து வீச்சாளர் உட்படப் பெரும்பாலோர் பந்து வீசுகையில் முழங்கையைச் சிறிதளவு மடக்கி நீட்டவே செய்கின்றனர் என்பது வெளிப்பட்டது. அதன்பின், பதினைந்து பாகை வரை எல்லார்க்கும் பொது என்று 2005 இல் விதி வந்தது. கண்ணுக்கு நேராகத் தோன்றிய கைகளும் நேராக இல்லை! பேடி தம் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. முரளிதரன் 2010 சூலையில் காலியில் தம் 800 ஆவது விக்கெட்டை எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே விடைபெற்றார்.

பேடி 2023 இல் காலமானார். மறைந்தவரைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும், அது கடனுக்காகவன்று. 2020 இல் தில்லித் திடலில் அரசியல்வாதி ஒருவர்க்குச் சிலை வைப்பதை எதிர்த்து, அங்கே பார்வையாளர் மாடத்திற்குச் சூட்டியிருந்த தம் பெயரையே நீக்கிவிடுமாறு மடல் எழுதினார். அச்சமின்றி மேலே நோக்கி வீசிய சொல் அது. இத்தகைய நெஞ்சுரம் உடையவர், கண்டியிலிருந்து வந்த ஓர் இளைஞன்மேல் ஏன் அத்தனை ஆண்டுகள் சொல்லை வீணாக்கினார் என்பதே எம் ஆற்றாமை.

அசுவினைப் பற்றிச் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் 2021 இல் கூறியதும் நினைவிருக்கும். எக்காலத்துக்குமான மாபெரும் வீச்சாளர் வரிசையில் அவரை வைக்க இயலாது, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் ஓரிடத்திலும் ஒரே இன்னிங்சில் ஐந்து விக்கெட் எடுத்ததில்லை என்றார். இது எண்ணோடு கூடிய வழக்கு. பண்பு குன்றாத பேச்சு. அசுவினும் சினக்காமல், "அந்நியன்" திரைப்படத்து வசனம் ஒன்றைப் போட்டு, மனம் வலிக்கிறதென்று நகையாடினார். கருத்து மாறுபாடு இவ்வாறு முடிந்தால் யாருக்கு என்ன குறை? தமிழ்நாட்டு ஆட்டக்காரர் 106 டெஸ்டுகளில் 537 விக்கெட்டுகளோடு 2024 திசம்பரில் ஓய்வு பெற்றார். எண்ணிக்கையை வைத்து அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

இம்முணுமுணுப்பின் வேர் யாது? பொறாமை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது பாதியே மெய். 1983 இல் உலகக் கோப்பையை வென்று வந்தவர்க்குக் கொடுக்க வாரியத்திடம் பணம் இல்லை. இலதா மங்கேஷ்கர் தில்லியில் பாடி நிதி திரட்டித் தர, ஆளுக்கு ஓர் இலட்சம் கிடைத்தது. 2025 ஐபிஎல் தொடருக்கு ரிஷப் பந்தை ஏலம் எடுத்த தொகை 27 கோடி ரூபாய். உலகை வென்றவனுக்கு ஓர் இலட்சம். இரண்டு திங்கள் ஆடுபவனுக்கு 27 கோடி. இதைக் கண்டு நெஞ்சில் ஒரு முள் தைக்கவில்லை என்றால் அவர் மனிதரல்லர். நம் அலுவலகத்திலேயே, ஊதியக் குழு ஒன்றின் அறிக்கை வருவதற்கு முதல் நாள் ஓய்வு பெற்றவர் முகத்தை நாம் பார்த்ததில்லையா? அந்த முள்ளை யாம் மதிக்கிறோம். ஆனால் அம்முள் தைக்கக் காரணமானவர் இளைஞர் அல்லர். அன்று கொடாமல் இருந்தவர் வாரியத்தார். அவர்களை நோக்கி எழ வேண்டிய குரல், இளைஞனின் தலைமயிரையும் பச்சை குத்திய கையையும் நோக்கி எழுகிறது. வாரியத்தைக் குறை சொன்னால் வர்ணனையாளர் இருக்கை ஆட்டங்காணும். மயிரைக் குறை சொன்னால் எவரும் ஒன்றும் சொல்லார்.

எம் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவர், ஆண்டுக்கு இரு முறையாவது ஓய்வூதியம் பற்றிய ஏதேனும் ஒரு வேலையாக வருவார். வந்தால் கணிப்பொறியில் கோப்பு நகர்வதைக் கண்டு, "எங்கள் காலத்தில் கையால் குறிப்பெழுதினால் ஒரு காற்புள்ளி பிசகாது, இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வரி எழுத வருகிறதா?" என்பார். ஒருநாள் பழைய நிலைப்பேழையைத் துப்புரவு செய்கையில் அவர் எழுதிய கோப்பொன்று அகப்பட்டது. ஊதிய நிர்ணயத்தில் ஒரு கூட்டல் பிழை. அதனால் எழுந்த தணிக்கைத் தடை மூன்று ஆண்டுகள் தீராமல் கிடந்திருக்கிறது! யாம் அதை அவரிடம் காட்டவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி விடுப்பு விதியொன்று விளங்காமல் விழித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அரை மணி நேரம் விளக்கினார். எந்த விதி எந்த வழக்கால் வந்தது, எங்கே வழுக்கும், எதைத் தணிக்கையாளர் முதலில் பார்ப்பார் என்று அவர் சொல்லச் சொல்ல, யாமும் பக்கத்து மேசையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். அவரிடம் இத்தனை சரக்கு இருப்பதை அன்றுதான் அறிந்தோம்.

அந்தச் சரக்கைத்தான் கிரிக்கெட் முதியோரிடமும் கேட்கிறோம். 1987 இல் சின்னசாமியின் வெடித்த களத்தில் அந்த 96 ஐ எடுத்தது எவ்வாறு? மட்டையைக் கையில் எத்தனை மென்மையாகப் பிடித்தார்? எந்தப் பந்தை விட்டார், எதைக் காலால் தடுத்தார்? கவாஸ்கர் இதைச் சொன்னால் இரவெல்லாம் உறங்காமல் கேட்போம். அவர் சில வேளைகளில் சொல்லத்தான் செய்கிறார். அப்போது அவர்க்கு நிகரானவர் இல்லை. ஒளிபரப்புவோர்க்கோ அந்தப் பாடம் வேண்டாம், மூன்றடுக்குச் சொல் வேண்டும்.

திராவிட் ஓய்வுக்குப் பின் செய்ததைக் காண்க. 1998 இல் மெதுவாக ஆடுகிறார் என்று ஒருநாள் ஆட்ட அணியிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். மறு ஆண்டு உலகக் கோப்பையில் 461 ஓட்டங்கள் எடுத்து எல்லாரினும் முந்தினார். ஏச்சின் சுவை அறிந்தவர். 2015 முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பயிற்றுவித்தார். 2018 இல் அவர்கள் உலகக் கோப்பை வென்றனர். வாரியம் அவர்க்கு 50 இலட்சமும் உடன் உழைத்த உதவியாளர்க்கு 20 இலட்சமும் அறிவித்தது. எல்லார்க்கும் ஒரே அளவாகக் கொடுங்கள் என்றார் திராவிட். முடிவில் அவர்க்கும் 25, உதவியாளர்க்கும் 25. தம் பங்கில் பாதியை விட்டுக்கொடுக்கும் தலைமை எழுத்தரை எம் பணிக்காலத்தில் யாம் ஒருவரையும் கண்டதில்லை. இந்நகரின் மற்றொரு செல்வமான குண்டப்ப விசுவநாத், 1980 இல் பம்பாயில் அணித்தலைவராயிருந்தபோது, நடுவர் வெளியேற்றிய இங்கிலாந்தின் பாப் டெய்லரை மீண்டும் ஆட அழைத்தார். ஆட்டம் கைவிட்டுப் போயிற்று. அது குறித்து அவர் எவரையும் குறை சொன்னதாக யாம் கேள்விப்பட்டதில்லை.

குறை சொல்லவே கூடாதா என்றால், சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2025 சூன் 3 இரவு பெங்களூர் அணி பதினெட்டாம் ஆண்டில் முதன்முறை ஐபிஎல் கோப்பையை வென்றது. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை திரையிட்டுக் கிடந்ததும் 1991 முதல் 2009 வரை பதினெட்டு ஆண்டுகளே. இந்நகரத் தமிழர்க்குக் காத்திருப்பது புதிதன்று. மறுநாள் சூன் 4 அன்று சின்னசாமி அரங்கின் வாயில்களில் நெரிசலில் பதினொருவர் மாண்டனர். பெரும்பாலோர் இளைஞர், கோப்பையைக் காண வந்தவர். கபில் தேவ், மதன்லால் போன்ற சிலர் அன்று வருந்திப் பேசினர், மறுக்கவில்லை. இரு வாரத்தில் இங்கிலாந்துத் தொடர் தொடங்கிற்று. பேச்சு மீண்டும் முன்காலுக்கும் மட்டைக்கும் திரும்பிவிட்டது. தமிழர் நன்கறிந்த நீதிபதி குன்ஹா தலைமையில் அமைந்த ஆணையம், பெருங்கூட்டத்துக்கு அவ்வரங்கு பாதுகாப்பானதன்று என்று அறிக்கை தந்தது. மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்கள் இந்நகரை விட்டு நவி மும்பைக்குப் போயின.

வாயில் எத்தனை அகலம், படி எத்தனை செங்குத்து, நுழைவுச் சீட்டு இல்லாதவன் எங்கே நிற்பான் என்று அந்த அரங்கில் வாழ்நாளைக் கழித்தவர் அறியாததா? அதைப் பேசட்டும், நாள்தோறும் பேசட்டும், மூன்று முறை அடுக்கியே பேசட்டும். 2025 திசம்பரில் கர்நாடகக் கிரிக்கெட் சங்கத் தலைவர் தேர்தலில் நின்று வென்றவர் அதே வெங்கடேஷ் பிரசாத். வெளியே நின்று எழுதியவர் உள்ளே சென்று பொறுப்பேற்றதை யாம் மனமார வரவேற்கிறோம். ராகுலின் சராசரியைத் துருவிய அந்தக் கண் இனி வாயில்களின் பூட்டைத் துருவுமாயின், 1996 இன் பந்தைவிட அது பெரிது.

கிரிக்கெட்டைச் சொல்லி முடித்துவிட்டோம் என்று எழ நினைத்தோம். எம் மனைவியார் விடவில்லை. "நம்மவர் மட்டும் என்னவாம்?" என்றார். அவர் நினைவூட்டிய செய்தி இது. சில ஆண்டுகளுக்கு முன், இந்நகரின் கீழ்ப்பகுதியில் ஒரு குடியிருப்பில் பொங்கல் விழா. எம் அண்டை வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்தைப் பாட்டியிடம் கற்றவள். தானே எழுதிய இரண்டு பக்கத்தை மேடையில் படித்தாள். ழகரம் லகரமாயிற்று; ஓரிடத்தில் ஒற்று விட்டுப்போயிற்று. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், பாதியிலேயே எழுந்து, "ழகரம் வராத வாய்க்கு மேடை எதற்கு?" என்றார். கூட்டம் சிரித்தது. யாமும் அக்கூட்டத்தில் இருந்தோம். சிரிக்கவில்லை என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. அப்பெரியவரின் பேரப்பிள்ளைகள் கடல் கடந்து எந்த மொழியில் வளர்கின்றனர் என்பதை யாம் இங்கு எழுத விரும்பவில்லை.

அவள் இப்போது கல்லூரி மாணவி. 2025 நவம்பர் 2 இரவு மகளிர் அணி உலகக் கோப்பையை வென்றபோது, எங்கள் தெருவில் முதலில் கூவியவள் அவளே. அந்த இரவைப் பற்றி இம்மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தருமாறு கேட்டுச் சென்றோம். நன்றாக உபசரித்தாள், காப்பி கொடுத்தாள்.

"தமிழில் வேண்டாம், மாமா. இங்கிலீஷில் என்றால் எழுதித் தருகிறேன்" என்றாள்.